மாமியாருக்கு உதவித்தொகை உண்டு, மருமகளுக்கு?

கேள்வி:

நான் கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். என் வீட்டுக்காரரின் அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, போன வருஷத்துக்கு முந்தின பனிக்காலத்தில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறுகிறது. சாப்பாடு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, வெளிக்குப் போனால் துடைப்பது, ராத்திரி எழுந்து புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார். கொழுந்தனார் பழனியில், நாத்தனார் ஒட்டன்சத்திரத்தில். விசேஷத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

முன்பு பூண்டுக் காட்டுக்கும் கேரட் காட்டுக்கும் கூலிக்குப் போவேன். நூறு நாள் வேலைக்கும் போவேன். இப்போது இரண்டுமே இல்லை. அத்தைக்கு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வருகிறது. அது டயப்பருக்கும் மருந்துக்குமே பத்தவில்லை. எனக்கு இடுப்பு வலி நிற்காமல் இருக்கிறது. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் ஆகும், அந்த ஒரு நாள் அத்தையை யாரிடம் விட்டுப் போவது?

வட்டவடையில் வாழ்க்கைப்பட்ட என் சித்தி மகள், கேரளாவில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கே அரசாங்கம் பணம் தருகிறது என்கிறாள். இங்கே ஒருவரிடம் கேட்டேன். "உன் மாமியாரை நீ பார்ப்பதற்கு சர்க்கார் சம்பளம் தருமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். கூசிப்போனேன். என் பெயருக்கு என்று ஏதாவது உண்டா அம்மா? இப்படிக் கேட்பதே தப்பா?

(பெயர் வேண்டாம்)


பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். தப்பே இல்லை. கூச வேண்டியவர் நீங்களும் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. வயதான பெற்றோரைக் காப்பாற்றும் கடமையை அது மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி ஆகியோர்மேல் வைக்கிறது. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் அத்தையைப் பார்க்கும் சட்டக் கடமை திருப்பூரிலும் பழனியிலும் ஒட்டன்சத்திரத்திலும் இருக்கிறது, வேலை மட்டும் உங்கள் வீட்டில் நடக்கிறது. பாசத்தினாலும் மனசாட்சியினாலும் நீங்கள் செய்கிறீர்கள். அதற்கு விலை கேட்கவில்லை, அதைச் செய்துகொண்டே உயிரோடும் உடம்போடும் இருக்க வழி கேட்கிறீர்கள். இது நியாயமான கேள்வி.

உங்கள் சித்தி மகள் சொன்னது உண்மை. கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. முழுநேரமும் ஒருவர் கூடவே இருந்தால்தான் முடியும் என்ற நிலையில் உள்ள நோயாளியை வீட்டில் பராமரிப்பவருக்கு மாதம் 600 ரூபாய். தொகை மிகச் சிறியது. மாதக்கணக்கில் நிலுவை விழுந்து மக்கள் தவித்ததும் உண்டு. ஆனாலும் அதை நான் பெரிதாக மதிக்கிறேன். நோயாளிக்குத் தரும் உதவித்தொகை தனி, இது பார்த்துக்கொள்கிறவருக்கு என்று ஓர் அரசாங்கம் கோப்பில் எழுதிவிட்டது. உங்கள் மேல்மலையின் கிளாவரையிலிருந்து பார்த்தால் வட்டவடை அடுத்த மலை. அங்கே பூண்டு நடுகிறவர்களும் பெரும்பாலும் தமிழர்கள்தான். அந்த மலையில் செல்லுகிற நியாயம் இந்த மலையிலும் செல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் என்ன கிடைக்கும் என்று இனிப் பார்ப்போம். முதல் வேலை, அத்தைக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குவது. பக்கவாதத்தால் கைகால் நிரந்தரமாக விழுந்தவர் இயக்கக் குறைபாடு உள்ளவராகக் கணக்கில் வருவார். ஊனம் 75 விழுக்காடோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு சான்று தந்தால், மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அது 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். ஒருவருக்கு ஒரு உதவித்தொகை என்பதுதான் பொதுவான நடைமுறை. அதனால் புதியது கைக்கு வருவதற்கு முன்னால் பழைய 1,200 ரூபாயை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

மருத்துவக் குழுவின் முன்னால் ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் மலையில் பெரும்பாடு. மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அங்கிருந்து திண்டுக்கல் இன்னும் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பாதிக்குமேல் மலைப்பாதை. அந்த வளைவுகளில் ஒரு பக்கவாத நோயாளியைக் கூட்டிப்போவது என்னவென்று சமவெளியில் உட்கார்ந்து விதி எழுதுகிறவர்களுக்குத் தெரிவதில்லை. வெள்ளகவி மாதிரி ஊர்களை நினைத்துப் பாருங்கள். பல தலைமுறைகளாகச் சாலை இல்லாமல், நோயாளியை டோலி கட்டிச் சுமந்துவந்த ஊர் அது. ஆகவே, கொடைக்கானலில் முகாம் போடும் தேதியை உங்களுக்குத் தெரிவிக்கும்படியும், படுக்கையில் இருப்பதால் மருத்துவரை வீட்டுக்கு அனுப்பும்படியும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கு உங்கள் வீட்டுக்காரரே திருப்பூரிலிருந்து நேராகப் போய் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வரட்டும். ஒரு நாள் சம்பளம் போகும். உங்களுக்கு எத்தனை நாள் கூலி போயிருக்கிறது என்பதையும் அவர் அப்போது எண்ணிப் பார்க்கட்டும்.

அந்த மனுவில் இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. பராமரிப்பாளர் யார் என்று இந்தச் சட்டம் இரண்டாம் பிரிவிலேயே சொல்கிறது: கூலி வாங்கியோ வாங்காமலோ மாற்றுத்திறனாளியைக் கவனித்துக்கொள்பவர், பெற்றோரும் குடும்பத்தாரும் உட்பட. நீங்கள் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்குள்ளேயே இருக்கிறீர்கள். 24ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பைப் பற்றியது. உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி தரும் திட்டத்தை அரசுகள் வகுக்க வேண்டும் என்று அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உயர் ஆதரவு தேவை என்று மதிப்பிடக் கோரி விண்ணப்பிக்கும் வழியை 38ஆம் பிரிவு தருகிறது. அத்தைக்காக இந்த மதிப்பீட்டையும், அதன்கீழ் உதவியாளருக்குரிய தொகையையும் சேர்த்தே கேளுங்கள். 24, 38 என்று பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதிய மனுவுக்கு உள்ள மரியாதையே வேறு.

அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்று ஒரு சொற்றொடரும் அதே 24ஆம் பிரிவில் இருக்கிறது. பணமில்லை என்று சொல்ல அது ஒரு கதவைத் திறந்துவைக்கிறது. அந்தக் கதவு மூடப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சட்டம் வந்த ஆண்டில் பிறந்த குழந்தைகள் இன்று நடுநிலைப் பள்ளியை எட்டும் வயதில் இருக்கிறார்கள். இன்னும் நம் வீடுகளில் பராமரிப்பாளர் என்ற பெயரே யாருக்கும் தெரியாமல் இருப்பது நியாயமா?

அடுத்தது, கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டம், மாதம் 1,000 ரூபாய். வீட்டுக்குள் பெண்கள் கூலியில்லாமல் செய்யும் உழைப்புக்கு அங்கீகாரம் என்றுதான் அதற்குக் காரணம் சொன்னார்கள். அது உங்களுக்கு வருகிறதா என்று கடிதத்தில் இல்லை. வராவிட்டால் குடும்ப அட்டையை எடுத்துப் பாருங்கள். அட்டை அத்தை பெயரில் இருந்து, அவருக்கு முதியோர் உதவித்தொகையும் வந்தால், அந்த வீட்டுக்கே இத்தொகை கிடையாது என்று பலர் தாங்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படியில்லை. ஓர் அட்டையில் 21 வயது நிரம்பிய பெண்கள் பலர் இருந்தால் அவர்களில் ஒருவரைக் குடும்பமே தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்கலாம். முதியோர் உதவித்தொகை வாங்குபவர் இருக்கும் வீட்டில் தகுதியுள்ள வேறு பெண் விண்ணப்பிக்கலாம் என்ற தளர்வும் 2023லேயே வந்தது. உங்கள் பெயரில், உங்கள் வங்கிக் கணக்கில் வரும் பணம் என்பதால் இதை விடாதீர்கள்.

மருத்துவத்தில் உங்களுக்கு உடனே கைகொடுக்கக்கூடியது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது மட்டும்தான் இதில் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். வட்டாரத்துக்கு ஒரு வலிநிவாரண செவிலியரும் ஓர் இயன்முறை மருத்துவரும் இதில் இருக்கிறார்கள், படுக்கையில் இருப்பவரை வீட்டுக்கு வந்து பார்ப்பது அவர்கள் பணி. உங்கள் ஊருக்குரிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதிந்து, அடுத்த வருகை எப்போது என்று கேட்டு வாங்குங்கள். அவர்கள் வரும் நாளில் உங்களுக்காக ஒன்று கேளுங்கள்: இடுப்பை வளைக்காமல் ஒரு கனமான ஆளை எப்படிப் புரட்டுவது, எப்படி உட்காரவைப்பது என்று செய்து காட்டச் சொல்லுங்கள். விரிப்பைப் பாதியாக மடித்து உடம்புக்குக் கீழே கொடுத்து இழுக்கும் முறை ஒன்று இருக்கிறது, பழகினால் பாதி பாரம் குறையும். அதே வருகையில் உங்களுக்கும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நோயாளியின் அட்டையில் எல்லாம் எழுதுகிறோம், பக்கத்தில் நிற்கும் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. செவிலியரின் படிவத்தில் பராமரிப்பவரின் உடல்நிலைக்கு என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், செலவே இல்லாமல் எத்தனையோ பெண்கள் காப்பாற்றப்படுவார்கள்.

மனசு தாங்காத ராத்திரிகளுக்கு 14416 என்ற எண். அரசின் மனநல ஆலோசனை, தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. அழுதால் அழுகையையும் கேட்பார்கள். பெரியவர்கள் தொடர்பான உதவிக்கு 14567.

இத்தனையும் சொன்ன பிறகும் உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி அப்படியே நிற்கிறது: அந்த ஒரு நாள் அத்தையை யாரிடம் விட்டுப் போவது? மேலே சொன்ன எந்தத் திட்டத்திலும் இதற்குப் பதில் இல்லை. உங்களுக்கு 1,000 ரூபாயோ 600 ரூபாயோ தரலாம். உங்கள் இடத்தில் நான்கு மணி நேரம் உட்கார ஓர் ஆளைத் தரும் திட்டம் மேல்மலையில் இல்லை. பணத்தைவிட இதுதான் அவசரம் என்று நான் நினைக்கிறேன்.

பகலில் முதியோரைக் கொண்டுவந்து விடும் அன்புச்சோலை மையங்களை 2025 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அவை நகரங்களில் இருக்கின்றன, நடமாடக்கூடிய பெரியவர்களுக்குத்தான் பொருந்தும். படுத்திருப்பவரை மலையில் ஒரு மையத்துக்குத் தூக்கிப்போக முடியாது, ஆள்தான் வீடு தேடி வர வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் ஒரு சிறு வலிநிவாரண அமைப்பாகத் தொடங்கிய முயற்சி, பின்னர் வடகேரளம் முழுக்க அக்கம்பக்கத்து வலைப்பின்னலாக விரிந்தது. வாரம் இரண்டு மணி நேரமாவது தர முன்வந்த சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். 2008இல் அம்மாநில அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றது, ஊராட்சிகள் செவிலியர்களை அமர்த்தின. நம்மிடம் மேல்மலையிலும் கீழ்மலையிலும் மகளிர் குழுக்கள் இல்லாத ஊர் உண்டா? மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்களே அந்தக் குழுக்களிலிருந்து வந்தவர்கள்தாம். அதே குழுவில் இன்னும் இரண்டு பேருக்குப் பயிற்சியும் மணிக்கணக்கில் கூலியும் கொடுத்தால், ஊரில் படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு வாரத்தில் ஓர் அரைநாள் போய் இருப்பார்கள். உங்களுக்கு ஓய்வு, இன்னொரு பெண்ணுக்கு வேலை. நான் அரசிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன்.

ஜெர்மனியில் 1995இல் வந்த பராமரிப்புக் காப்பீட்டில், வீட்டில் பார்த்துக்கொள்பவர் ஊருக்குப் போனாலோ நோயில் விழுந்தாலோ மாற்று ஆளுக்கான செலவைக் காப்பீடு ஏற்கிறது. அவருடைய ஓய்வூதியக் கணக்கிலும் பணம் கட்டுகிறது. பணக்கார நாடு, நமக்கு ஒத்துவருமா என்று கேட்பார்கள். பணக்கார நாடுகளிலும் இது சும்மா வந்துவிடவில்லை. பிரிட்டனில் 1976இல் பராமரிப்பாளர் படி தொடங்கியபோது திருமணமான பெண்களுக்குக் கிடையாது என்று விதி வைத்தார்கள். எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்ற எண்ணம். ஜாக்குலின் டிரேக் என்ற பெண் 1984இல் தன் தாயைப் பார்க்க வேலையை விட்டார், படி மறுக்கப்பட்டது, வழக்குப் போட்டார். 1986 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எல்லோர் முன்னாலும் உங்களிடம் கேட்கப்பட்ட அதே கேள்வியைத்தான் அவரும் எதிர்கொண்டார்.

நம் நாட்டுக் கணக்கும் அரசிடமே இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார்கள், ஆண்களில் 21.4 விழுக்காட்டினர். அந்தப் பெண்கள் இதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு சுமார் 140 நிமிடம், ஆண்கள் 74. குழந்தைகளைப் பார்ப்பதும் இதில் சேர்ந்ததுதான். உங்கள் வீட்டில் 140 நிமிடம் காலை பத்து மணிக்குள் முடிந்துவிடும். வருமானவரியில் ஒரு சலுகை இருக்கிறது, பழைய முறையில் வரி கட்டுபவர் தன்னைச் சார்ந்த மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாயும், கடும் ஊனமென்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம். அது சம்பாதிப்பவருக்குப் போகிறது. பூண்டுக் காட்டுக் கூலியை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கழிக்க என்ன வரி இருக்கிறது?

இனி வீட்டு விஷயம். கொழுந்தனாரும் நாத்தனாரும் கை கொடுக்காததை ஒரு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். அதைக் கடக்க வேண்டாம். 2007 சட்டப்படி, பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு அத்தை கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம், உங்களுக்கு அது கொடைக்கானலிலேயே இருக்கிறது. அவரால் முடியாதபோது அவர் அதிகாரம் அளிக்கும் இன்னொருவர் மனு செய்யலாம், அது நீங்களாகவும் இருக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும். எடுத்த எடுப்பில் மனு போடச் சொல்லவில்லை. முதலில் மற்ற இரண்டு பிள்ளைகளையும் ஒரு நாள் உட்காரவைத்து உங்கள் வீட்டுக்காரர் பேச வேண்டும், நீங்கள் பேசினால் மருமகள் கணக்குப் பார்க்கிறாள் என்றாகிவிடும். பணம் தர முடியாதவர் நாள் தரட்டும். நாத்தனார் மாதத்தில் நான்கு நாள் வந்து தங்கட்டும், அந்த நாட்களில் நீங்கள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போங்கள். அதே வீட்டில் இருந்தால் ஓய்வு கிடைக்காது, "அண்ணி, இதை எங்கே வைத்தீர்கள்?" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இடுப்பு வலியைத் தள்ளிப்போடாதீர்கள். நாத்தனார் வரும் முதல் நாளே கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊரில் படுக்கையில் இருப்பவர்கள் உள்ள வீடுகள் எத்தனை என்று உங்கள் மகளிர் குழுவை ஒரு பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். நோயாளியின் பெயருக்குப் பக்கத்தில் பார்த்துக்கொள்பவரின் பெயரையும் வயதையும், அவர் விட்ட வேலையையும் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலை வைத்து, வாரம் ஓர் அரைநாள் மாற்று ஆள் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லிக் கேளுங்கள். உங்களால் கூட்டத்துக்குப் போக முடியாது என்பது எனக்குத் தெரியும். குழுத் தலைவியிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்து அனுப்புங்கள், தீர்மானத்தின் நகலை எனக்கும் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள்.